சீசாவில் ஒரு வாசனை, மேனியில் ஒரு வாசனை
அத்தர், ஜவ்வாது, சென்ட் விற்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு இவற்றோடு ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் நான்கு விதச் சென்ட் சீசாவும் ஒரு ஜவ்வாது டப்பாவும் இல்லாத மளிகைக் கடை நம் பகுதியில் குறைவு. காஞ்சிபுரம் பஜாரிலும் சரி, உத்திரமேரூர் கடைவீதியிலும் சரி, புள்ளலூர் போன்ற கிராமத்து ஒற்றைக் கடையிலும் சரி, கல்யாணம், காதுகுத்து, பொங்கல், தீபாவளி, ரம்ஜான் என்று நாள் வந்தால் இந்தச் சரக்கைக் கேட்டு ஆள் வரத்தான் செய்கிறது. இடம் கொஞ்சம் பிடிக்கும்; லாபம் மளிகையைவிடக் கூடுதல். ஆனால் நாம் மிகக் குறைவாக அறிந்து வைத்திருக்கும் சரக்கும் இதுவே.

துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தால் போதும். மில் எது, பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். சென்ட் சீசாவை எடுத்துக் கொடுத்து, "இது எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டால், "நல்லா இருக்கும், எல்லாரும் வாங்குறாங்க" என்பதற்கு மேல் சொல்ல நமக்குத் தெரிவதில்லை. வாடிக்கையாளர் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார், பிடித்திருக்கிறது, வாங்கிப் போகிறார். மறுநாள் திரும்பி வந்து, "கடையில மோந்தப்ப ஒரு வாசனை, போட்டுக்கிட்டா வேற வாசனை. டூப்ளிகேட்டா?" என்கிறார். அந்தச் சீசா அசலாகவே இருக்கலாம். ஆனால் பதில் சொல்லத் தெரியாமல் நாம் விழித்தால், அவர் மனத்தில் அது போலிதான். சீசாவின் விலை முப்பதோ ஐம்பதோ. போவது கடையின் நாணயம். அதே வீட்டுக்காரர் மாதாமாதம் எடுக்கும் மளிகைச் சாமானும் அடுத்த கடைக்குப் போய்விடக்கூடும். ஆகவே வாசனைச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம். குறிப்பாக, இப்போது அதிகம் கேட்கப்படும் கதகதப்பான இனிப்பு வாசனைகளை, அதாவது வெனிலா, அம்பர், சந்தனம் கலந்த வகைகளை, எடுத்துக்கொள்வோம்.

மூன்று கட்டமாக வரும் மணம்

கடைத் தரையில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொஞ்சம் நல்லெண்ணெயும் சிந்தினால் என்ன ஆகிறது? மண்ணெண்ணெய் சற்று நேரத்தில் காய்ந்து போகிறது. நல்லெண்ணெய் நாளைக்கும் அங்கேயே இருக்கிறது. எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஒரு சென்ட் சீசாவுக்குள் இருப்பது ஒரே பொருள் அன்று. பத்து, இருபது, சில நேரம் நூறு வாசனைப் பொருள்கள் கலந்திருக்கும். அவற்றில் சில வேகமாகப் பறக்கும், சில நிதானமாகப் போகும், சில மணிக்கணக்கில் மேனியோடு ஒட்டியிருக்கும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் என்ற பொருளின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். லாவண்டரிலும் பல பூக்களிலும் உள்ள லினலூல் 198 டிகிரி. ரோஜா மணத்துக்கு முக்கியமான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் சுமார் 219 டிகிரி. கிராம்பின் யூஜெனால் 254 டிகிரி. வெனிலாவின் வெனிலின் 285 டிகிரி. சந்தன எண்ணெயின் சாண்டலால் 300 டிகிரிக்கு மேல். மேனி மேல் எதுவும் கொதிப்பதில்லை என்பது உண்மைதான். துவைத்த துணி கொதிக்காமலே காய்வதுபோல் இவையும் மெல்ல ஆவியாகின்றன. கொதிநிலை குறைந்தது பெரும்பாலும் முதலில் போகும், கூடியது கடைசியில் போகும் என்று வைத்துக்கொண்டால் நம் வியாபாரத்துக்குப் போதும்.

இதனால் மணம் மூன்று கட்டமாக வருகிறது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சுறுசுறுப்பான வாசனை எழும். இதை மேல் மணம் என்போம். அது அடங்கியதும் ரோஜா, மல்லிகை, கிராம்பு, ஏலம் போன்ற நடு மணம் தெரியும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குமேலும் நிற்கும். கடைசியில் வெனிலா, சந்தனம், சாம்பிராணி, கஸ்தூரி வகை போன்ற அடி மணம் தங்கும். அது மாலை வரையிலும், துணியில் பட்டால் மறுநாள் வரையிலும் இருக்கும்.

மூடியைத் திறந்து மோந்து பார்ப்பவருக்கு எழுவது பெரும்பாலும் மேல் மணம்தான். அவர் வீட்டுக்குப் போய் நாள் முழுவதும் அனுபவிக்கப் போவதோ அடி மணம். சென்ட் விற்பனையில் வரும் புகார்களில் பெரும் பகுதிக்கு இந்த வேறுபாடே காரணம்.

உலகப் புகழ் பெற்ற ஓர் உதாரணம் சொல்லலாம். பாரிஸ் நகரின் கெர்லேன் நிறுவனம் 1925-ஆம் ஆண்டு ஷாலிமார் என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. முகலாயர் காலத்து ஷாலிமார் தோட்டத்தின் பெயர் அது. செய்தவர் ஜாக் கெர்லேன். சீசாவைத் திறந்ததும் வருவது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணம். பிறகு ரோஜாவும் மல்லிகையும். கடைசியில் மேனியில் தங்குவது வெனிலாவின் கதகதப்பான இனிப்பு. நூறாண்டு கழிந்தும் அது விற்பனையில் இருக்கிறது. இன்று நம் கடைக்கு வரும் பல இனிப்புச் சென்ட்களும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

சாமான்கள் நம் கடையிலேயே இருக்கின்றன

இனிப்பு வாசனை என்றால் அதில் சர்க்கரை இல்லை. சர்க்கரைக்கு மணம் கிடையாது. பாயசம், கேக், பிஸ்கட் என்று நாம் பழகிய இனிப்புகளோடு சேர்ந்து வரும் மணங்களை மூக்கு "இனிப்பு" என்று கொள்கிறது. அவற்றுள் தலையாயது வெனிலா. வெனிலாக் கொடியின் காயிலிருந்து எடுப்பது ஒன்று. 1874-இல் ஜெர்மனியில் ஹார்மான், டீமான் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வெனிலின் இன்னொன்று. நம் கடையில் கேக்குக்கு விற்கும் வெனிலா எசன்ஸில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது வகையே. சென்ட்களிலும் அப்படியே. அதற்கு முன்பே, 1868-இல், இங்கிலாந்தின் பெர்கின் கூமரின் என்ற பொருளைச் செய்திருந்தார். காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்தாற்போல் மணக்கும் அதுவும் இனிப்பு வாசனைகளில் இடம்பெறும்.

அடுத்தது சாம்பிராணி. சுமத்ரா, சயாம் நாடுகளிலிருந்து வந்த மரப் பிசின் இது. நெருப்பில் போடாமல் அப்படியே கையில் தேய்த்து மோந்து பாருங்கள்; வெனிலா சாயல் தெரியும். சாம்பிராணியையும் வெனிலாவையும் லாப்டனம் என்ற செடியின் பிசினோடு சேர்த்தால் கிடைப்பதையே சென்ட் வியாபாரத்தில் "அம்பர்" என்கிறார்கள். கதகதப்பு என்று நாம் சொல்வது கிராம்பு, பட்டை, ஏலம், ஜாதிக்காய் இவற்றின் சாயலால் வருவது. ஆக, விலை உயர்ந்த சீமைச் சென்டின் பாதிச் சாமான்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலும் பூஜைச் சாமான் அலமாரியிலும் இருக்கின்றன. சாம்பிராணி, கிராம்பு, பட்டை, வெட்டிவேர், பச்சைக் கற்பூரம் இவற்றைத் தனித்தனியே மோந்து பழகினால், எந்தச் சென்டைத் திறந்தாலும் எது தூக்கலாக இருக்கிறது என்று சொல்ல வந்துவிடும். இந்தப் பயிற்சிக்குச் செலவு ஏதுமில்லை.

சந்தனக் கணக்கு

புள்ளலூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நினைவுக்கு வரும். கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியின் மைந்தர் திப்பு இங்கேதான் முறியடித்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் இன்றும் ஓவியமாக இருக்கிறது. அதே திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். அதற்குப் பின் நெடுங்காலம் சந்தனம் அரசின் சொத்தாகவே நடந்து வந்தது. மைசூரில் அரசுச் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை 1916-இல் எழுந்ததும் இந்த வழியில்தான். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைச் சந்தனமும் திருப்பத்தூர் அரசுக் கிடங்கின் ஏலமும் பெயர் பெற்றவை. சொந்த நிலத்துச் சந்தன மரத்தில் நில உடைமையாளருக்கு உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 2002-இல்.

மரம் முற்றி நடுக்கட்டை வைரம் பாயப் பல ஆண்டுகள் ஆகும். எண்ணெய் இருப்பது அந்த வைரத்தில்தான். ஆகவே நல்ல சந்தன எண்ணெயின் விலை கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். கிராம் 100 ரூபாய். 3 மில்லி சீசாவில் ஏறக்குறைய 2.9 கிராம் பிடிக்கும். எண்ணெய் மட்டும் 290 ரூபாய். சீசா, மூடி, வரி, இரண்டு கை லாபம் எல்லாம் அதற்கு மேல். அப்படியிருக்க, 30 ரூபாய்க்கு விற்கும் 3 மில்லி "சந்தன அத்தர்" சுத்த சந்தன எண்ணெயாக இருக்க வழியில்லை என்பதைக் கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் அது போலியா? இல்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த சந்தன வாசனைப் பொருள்கள் பல உண்டு. உலகின் பெரிய நிறுவனங்களே அவற்றைப் பயன்படுத்துகின்றன. செயற்கை என்பதால் ஒரு சரக்கு கெட்டதாகிவிடாது. செயற்கையை "சுத்த அசல்" என்று சொல்லி விற்பதுதான் தவறு. "இது சந்தன வாசனை சென்ட்தான்மா, சந்தன எண்ணெய் இல்லை. அது வேணும்னா விலை பல மடங்கு" என்று சொல்லி விற்றால், வாங்குபவர் அதற்கேற்ற மனநிலையோடு வாங்குவார். மறுநாள் வந்து நிற்க மாட்டார்.

ஆளுக்கு ஆள் மாறுவது ஏன்?

ஒரே சீசாவிலிருந்து அக்காளும் தங்கையும் போட்டுக்கொண்டால், ஒருவரிடம் மாலை வரை மணக்கிறது, இன்னொருவரிடம் மதியமே மறைகிறது. காரணங்கள் எளியவை.

முதலாவது சூடு. நம் தோலின் மேற்பரப்பு சுமார் 32 முதல் 34 டிகிரி வரை இருக்கும். சூடு கூடக் கூட மணம் வேகமாகப் பறக்கும். அக்னி நட்சத்திரத்தில் அதிகமாக எழுந்து சீக்கிரம் தீரும். மார்கழிக் குளிரில் அடக்கமாக எழுந்து நீடிக்கும். கழுத்து, மணிக்கட்டு, காது மடலுக்குப் பின்புறம் போன்ற கதகதப்பான இடங்களில் போடச் சொல்வதும் இதனால்தான். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்த்தால் சூடேறி மேல் மணம் விரைவில் போய்விடும். தொட்டு வைத்து அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது எண்ணெய்ப் பசை. வறண்ட தோலில் மணம் நிற்காது. சிறிது தேங்காய் எண்ணெய் தடவிய தோலில் கூடுதல் நேரம் தங்கும்.

மூன்றாவது, கலக்கப்பட்ட திரவம். தெளிக்கும் சென்டில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால்; அது நொடியில் ஆவியாகி மணத்தை ஒரே வீச்சில் பரப்பும். அத்தரில் ஆல்கஹால் இல்லை; மணம் அடக்கமாகத் தொடங்கி மெல்ல விரியும். "சென்ட் மாதிரி குப்புனு வரலையே" என்று அத்தரைப் பற்றிச் சொல்பவருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். தொழுகைக்குப் போகும் வாடிக்கையாளர்கள் ஆல்கஹால் இல்லாததா என்று கேட்டால், சீசாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும், ஊகத்தில் சொல்லக்கூடாது.

நான்காவது மூக்கின் பழக்கம். ஒரே மணத்தில் இருந்தால் சற்று நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாட்டு வாடை தெரிவதில்லை. போட்டுக்கொண்டவர் "மணமே இல்லை" என்பார். பக்கத்தில் இருப்பவருக்கு மணக்கும். புகார் சொல்பவரிடம், "வீட்ல வேற யாரையாவது கேட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லலாம். இது நமக்கும் பொருந்தும். நாள் முழுதும் பெருங்காயமும் மிளகாய்த் தூளும் புழங்கும் நம் மூக்கு, சாயங்காலம் சென்டைத் தேர்ந்தெடுக்க உதவாது. லைனில் வரும் ஏஜெண்டு புதுச் சரக்கு காட்டினால், ஒரு மாதிரியை வாங்கி வைத்து, மறுநாள் காலை கடை திறந்ததும் மசாலாவைத் தொடுமுன் பாருங்கள். இடையிடையே வெளியே வந்து காற்று வாங்கினால் மூக்கு தெளியும்.

கல்லாவில் காட்டும் முறை

ஒவ்வொரு வகையிலும் ஒரு சீசாவை மாதிரிக்கென்று திறந்து வையுங்கள். வெள்ளை அட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனியில் ஒரு சொட்டு வைத்து, வகையின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். காலையில் எழுதிய அட்டை ஒன்றும், அப்போதே தொட்ட அட்டை ஒன்றும் அருகருகே இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் இரண்டையும் கொடுத்து, "இது இப்ப வர்ற வாசனை, இது மூணு மணி நேரம் கழிச்சு இருக்கிற வாசனை. ரெண்டும் பிடிச்சா எடுங்க" என்று சொல்லுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தோலில் போட்டுப் பார்க்க விரும்பினால் ஒரு கையில் ஒரு வகை மட்டும். நான்கு வகையை ஒரே கையில் தடவினால் எதுவும் புரியாது. ஒரு சொட்டு வைத்து, "பஜார் வேலையை முடிச்சிட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க" என்று அனுப்புங்கள். திரும்பி வருபவர் தெரிந்து வாங்குவார்.

மாதிரிச் சீசா வீண் செலவு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு டஜன் சீசா, கொள்முதல் 60 ரூபாய் வீதம் 720 ரூபாய். விற்பனை விலை 90. பன்னிரண்டும் விற்றால் 1,080, லாபம் 360. ஒன்றை மாதிரிக்கு வைத்து பதினொன்று விற்றால் 990, லாபம் 270. மாதிரி வைக்காமல் விற்று, இரண்டு திரும்பி வந்து பணத்தைக் கொடுத்தால், கையில் நிற்பது 900, லாபம் 180. திறந்த சீசா இரண்டும் நம் தலையில். மாதிரிக்கு ஆன செலவு 90. திரும்பி வந்ததால் ஆன நட்டம் 180. திரும்பி வராமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டவர்களின் கணக்கு நம் பேரேட்டில் ஏறுவதே இல்லை.

விற்கும்போது மூன்று எச்சரிக்கை சொல்ல மறக்கக்கூடாது. முதலாவது, புதிதாக வாங்குபவர் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்க்கட்டும். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடட்டும். குழந்தைகளின் தோலில் போட வேண்டாம். இரண்டாவது, பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய் சேர்ந்த வகைகளைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் சிலருக்கு அந்த இடம் கறுத்துவிடும். உடையில் மறையும் இடத்தில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது நம் காஞ்சிபுரத்துக்கே உரியது. பட்டுச் சேலையில் அத்தர் பட்டால் எண்ணெய்க் கறை விழும். சரிகை கறுக்கவும் கூடும். சென்ட் போட்டுக் காய்ந்த பிறகு சேலை கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு வாங்குபவரிடம் இந்த ஒரு வார்த்தை சொன்னால், பல ஆயிரம் ரூபாய்ச் சேலையைக் காப்பாற்றிய கடைக்காரர் என்று நினைவில் வைத்திருப்பார்கள்.

சரக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. "கஸ்தூரி" என்று அச்சிட்ட சீசாவில் கஸ்தூரி மானின் பொருள் இல்லை, இருக்கவும் கூடாது. கஸ்தூரி மான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உச்சப் பாதுகாப்புப் பெற்றது. "அம்பர்" என்பது முன்பு சொன்ன பிசின் கலவை. திமிங்கலத்திலிருந்து வரும் அம்பர்கிரீஸை வைத்திருப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். புனுகும் அப்படியே. புனுகுப் பூனையும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஜவ்வாது என்ற சொல்லே புனுகைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றாலும், இன்று டப்பாவில் வருவது வேறு வாசனைப் பொருள்களின் கலவை. "அசல் கஸ்தூரி, அசல் புனுகு" என்று பையில் கொண்டுவந்து நீட்டும் அறியாத ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். அது ஏமாற்றாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் வழக்கு வரும்.

கலப்படம் பற்றி ஒரு வார்த்தை. விலையைக் குறைக்க அத்தரில் சேர்க்கப்படும் மணமற்ற திரவங்களில் முக்கியமானவை வெள்ளைப் பாரபின் எண்ணெயும், மொத்த வியாபாரத்தில் டி.ஈ.பி. என்று சொல்லப்படும் டை எத்தில் தாலேட்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பல நாள் கழித்தும் எண்ணெய்க் கறை குறையாமல் இருந்தால் பாரபினோ சமையல் எண்ணெயோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். டி.ஈ.பி. இந்தச் சோதனையில் பிடிபடாது, ஆய்வுக்கூடம் தேவை. அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் 1991-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு சார்ந்த நறுமணப் பொருள் மேம்பாட்டு மையம் இத்தகைய பரிசோதனைகளைச் செய்கிறது. பெரிய அளவில் எடுக்கும் மொத்த வியாபாரிகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சில்லறைக் கடைக்காரருக்குப் பாதுகாப்பு, பில் போட்டுத் தரும் நம்பகமான மொத்தக் கடை.

சட்டப்படி சென்ட் அழகு சாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டு விதிகளும் இதற்குப் பொருந்தும். சீசாவிலோ அட்டைப் பெட்டியிலோ தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், சேர்மானங்கள், நிகர அளவு, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச விலை இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆய்வாளர் கேட்டால், யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல வேண்டிய கடமை அந்தச் சட்டத்தின் 18-ஏ பிரிவின்படி கடைக்காரருக்கு உண்டு. பில் இல்லாச் சரக்கில் மிச்சமாகும் இரண்டு ரூபாய், அந்த நாளில் உதவாது.

பெரிய சீசாவிலிருந்து ஊற்றி விற்பவர்கள் அளவில் கவனமாக இருக்க வேண்டும். "ஒரு தோலா" என்று 12 மில்லி சீசாவைச் சொல்வது அத்தர் வியாபாரத்தில் வழக்கம். எடைத் தோலாவோ 11.66 கிராம். சட்டம் ஏற்பது மில்லியும் கிராமும் மட்டுமே. மொத்தக் கடையில் எடைக்கு வாங்கி, நம் கடையில் மில்லிக்கு விற்கும்போது, இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முன்கூட்டியே சிறு சீசாக்களில் நிரப்பி, பெயர் ஒட்டி அடுக்கினால் அது பொட்டலப் பொருள் ஆகிவிடும். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின் விவரங்கள் எல்லாம் அதன் மேல் இருக்க வேண்டும்.

கடையில் வைக்கும் இடம்

வாசனைச் சரக்குக்கு மூன்று பகைவர்கள்: வெயில், சூடு, காற்று. தகரக் கூரைக்கு அடியில் மேல்தட்டிலும், வெயில் அடிக்கும் கண்ணாடிப் பெட்டியிலும் வைத்தால் மேல் மணம் முதலில் கெடும். காட்சிக்கு ஒன்று போதும். இருப்பைக் கீழ்த்தட்டில் அட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். வெனிலின் சேர்ந்த இனிப்புச் சென்ட்கள் நாளாக ஆகப் பழுப்பு நிறமாக மாறும். அது வெனிலினின் இயல்பு. மணம் மாறாதவரை நிறம் மாறியதை மட்டும் வைத்துக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை தெரியும். அதைச் சொல்லி விற்க வேண்டும்.

மளிகைக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. தேயிலைத் தூள், அரிசி, கோதுமை மாவு, பிஸ்கட் இவை பக்கத்திலுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி, சென்ட், கற்பூரம், சோப்பு இவற்றுக்கு அருகே தேயிலைப் பெட்டியை வைத்தால், டீயில் ஜவ்வாது வாசனை வருகிறது என்று வாடிக்கையாளர் சொல்வார். ஒரு சீசா சென்டுக்காக ஒரு பெட்டித் தேயிலையைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. ஊற்றிய கையைக் கழுவாமல் பருப்பு நிறுப்பதும் கூடாது. தெளிக்கும் சென்டில் உள்ள ஆல்கஹால் நம் ஊர் அறைச் சூட்டிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும் இடத்துக்கும் சென்ட் தட்டுக்கும் இடைவெளி இருக்கட்டும்.

இம்மாதப் பயிற்சி

பாடத்தைப் படித்ததோடு நில்லாமல், உறுப்பினர்கள் இந்த மாதம் செய்து பார்க்கச் சிறு பயிற்சி ஒன்று தருகிறோம். உங்கள் கடையில் அதிகம் விற்கும் இனிப்பு வகைச் சென்ட் ஒன்றை எடுங்கள். ஒரு சொட்டு அட்டையில், ஒரு சொட்டு மணிக்கட்டில். ஐந்து நிமிடம், அரை மணி, மூன்று மணி, கடை கட்டும் நேரம் என நான்கு முறை மோந்து, தெரிந்ததைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எலுமிச்சையா, பூவா, கிராம்பா, சாம்பிராணியா, வெனிலாவா என்று நம் கடைச் சாமானின் பெயரிலேயே எழுதினால் போதும். வீட்டில் இன்னொருவரையும் எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். நான்கு வகைக்கு இப்படி எழுதிவிட்டால், "இது எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்பவருக்கு, "முதல்ல எலுமிச்சை மாதிரி வரும், பத்து நிமிஷத்துல அடங்கிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெனிலாவும் சந்தனமும்தான்" என்று பதில் சொல்லலாம்.

பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்வதுபோல், சென்டையும் அறிந்து சொல்லி விற்போம். விற்ற சீசா திரும்பி வராது. வாங்கியவர் திரும்பி வருவார்.